ஒவ்வொருவரும் பாடலாசிரியர்: பெரிய அந்தமானியரின் மாலை ஆட்டம்

அந்தமானின் வட, நடு, தென் தீவுகளில் வாழ்ந்த பெரிய அந்தமானியரிடையே, வேட்டை நன்றாக வாய்த்த நாளின் மாலையில் குடியிருப்பின் நடுவே ஆட்டம் நடப்பது வழக்கமாக இருந்தது. ஒருவர் மரப்பலகை ஒன்றைக் காலால் தட்டித் தாளம் கொடுத்தபடி தாம் கட்டிய பாட்டைப் பாடுவார். பெண்கள் அதன் பல்லவியை வாங்கிப் பாடுவார்கள், ஆண்கள் ஆடுவார்கள். அவர் ஓய்ந்ததும் இன்னொருவர் பலகைக்கு வருவார். அவர் பாடுவதும் அவரே கட்டிய பாட்டுத்தான். மூதாதையரிடமிருந்து வழிவழியாக வந்த பாட்டு என்று எதுவும் இந்தக் களத்தில் இல்லை என்று இதை நேரில் கண்டு எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

உலக இசை மரபுகளில் இது அரிய ஏற்பாடு. பெரும்பாலான சமூகங்களில் பொதுச் சொத்தாகப் பாட்டுகள் சில இருக்கும். அவற்றை எல்லோரும் பாடுவார்கள். புதிதாகக் கட்டும் திறமை சிலருக்கே வாய்க்கும். பெரிய அந்தமானியரிடம் பாட்டுக் கட்டுவது எல்லோருக்கும் உரிய கடமையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஜாஸ் இசையும் அதிலிருந்து கிளைத்த சோதனை இசையும் ‘தன் குரலைத் தானே கண்டடைய வேண்டும்’ என்பதை ஒரு கொள்கையாக வகுத்துக்கொண்டன. அதற்கு முன்பே அந்தமான் காட்டில் அது அன்றாட வாழ்க்கையின் பகுதியாக இருந்தது. அந்த மாலை ஆட்டம் எப்படி நடந்தது, அதில் எது புதிது, எது நிலையானது, அது ஏன் நின்றுபோனது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மக்களும் சான்றுகளும்

பெரிய அந்தமானியர் என்பது பத்துக் குழுக்களைக் குறிக்கும் பொதுப்பெயர். வடக்கே சாரி, கோரா, போ, ஜேரு. நடுவில் கெதே, கோல், ஜுவோய், புசிக்வார். தெற்கே பாலே, பேயா. ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பேச்சு உண்டு. லிட்டில் அந்தமானின் ஓங்கேயரும், ஜராவாக்களும், சென்டினல் தீவினரும் இவர்களிலிருந்து வேறானவர்கள். 1858-இல் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜய புரத்தில், பிரிட்டிஷார் கைதிக் குடியேற்றத்தை அமைத்தபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள்.

இவர்களுடைய இசையைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மூன்று பேர் எழுதியவை. முதலாமவர் எட்வர்ட் ஹொரேஸ் மேன். 1869-இல் அந்தமானுக்கு வந்த அதிகாரி. தெற்கு அந்தமான் மொழியைக் கற்று, 1880-களின் தொடக்கத்தில் இம்மக்களைப் பற்றி விரிவான நூலை வெளியிட்டார். இரண்டாமவர் மாரிஸ் விடல் போர்ட்மன். 1879 முதல் அந்தமானியர் விவகாரங்களுக்குப் பொறுப்பு வகித்தவர். 1888-இல் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் அந்தமானியர் இசையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மூன்றாமவர் மானுடவியலாளர் ஏ.ஆர். ராட்கிளிஃப்-பிரவுன். 1906 முதல் 1908 வரை தீவுகளில் ஆய்வு செய்து, 1922-இல் ‘அந்தமான் தீவினர்’ என்ற புகழ்பெற்ற நூலை வெளியிட்டார்.

மூவரின் எழுத்தையும் கவனத்துடன் படிக்க வேண்டும். மேனும் போர்ட்மனும் ஆட்சியின் கைகள். அவர்கள் பார்த்த மக்கள் அவர்களின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தவர்கள். ராட்கிளிஃப்-பிரவுன் சென்றபோதோ நோயும் சாவும் குழுக்களைச் சிதைத்திருந்தன. அவர் பெரும்பாலும் இந்துஸ்தானி வழியாகவே பேசினார். போர்ட்மன் ஐரோப்பிய இசையின் சுரக்குறிகளைக் கொண்டு இந்தப் பாட்டுகளை அளந்தார். தம் அளவுக்குள் அடங்காததை அவர் குறையாகவே கண்டார். ஆனாலும், ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவதில்லை, எல்லோரும் கட்டுகிறார்கள் என்ற அடிப்படைச் செய்தியில் இந்தச் சான்றுகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன.

களமும் பலகையும்

பெரிய அந்தமானியரின் குடியிருப்பில் குடிசைகள் ஒரு வெட்டவெளியைச் சுற்றி, அதை நோக்கியபடி அமைந்திருக்கும். நடுவிலுள்ள அந்த வெளிதான் ஆட்டக்களம். புல்பூண்டு களைந்து பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பார்கள். சமைப்பதும் உறங்குவதும் அதைச் சுற்றித்தான் என்பதால் ஆட்டத்தைப் பார்க்க யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. பார்வையாளர் என்று தனியாக ஒரு கூட்டமும் இல்லை. ஆடாதவர் பாடினார், பாடாதவர் தட்டினார்.

இந்த இசைக்கு இருந்த ஒரே கருவி ஒலிப்பலகை. தெற்கே பேயா மொழியில் இதற்குப் ‘புகுதா யெம்ங்கா’ என்று பெயர். படாக் மரத்தைக் கேடயத்தின் வடிவில் குடைந்து செய்வார்கள். அந்தமானுக்கே உரிய, செந்நிற வைரம் பாய்ந்த மரம் அது. பெரிய பலகை ஏறக்குறைய ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் இருக்கும். குடைந்த பக்கம் தரையைப் பார்க்க, புடைத்த பக்கம் மேலே தெரியக் கவிழ்த்து வைப்பார்கள். பாடுபவர் ஒரு காலை அதன் மேல் ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் பலகையைத் தட்டுவார். பலகைக்கும் மண்ணுக்கும் இடையே அடைபட்ட காற்றால் அடி ஒவ்வொன்றும் கனத்து முழங்கும்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாளக்காரரும் பாடகரும் ஒரே ஆள். கருவியை வாசிப்பது அவருடைய கால். பாட்டின் வேகத்தை அவரே நிர்ணயிக்கிறார், அவரே தாங்குகிறார். அந்த வேகத்துக்குத்தான் மற்றவர்கள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். பலகையில் யார் நின்றாலும் அந்த நேரத்துக்கு இசையின் முழுப் பொறுப்பும் அவர் கையில்.

பெண்கள் களத்தின் ஓரத்தில் வரிசையாக, கால்களை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். சேர்த்து வைத்த தொடைகளுக்கு இடையே உண்டாகும் குழிவில் உள்ளங்கையால் அறைந்து தாளம் போடுவார்கள். பலகையின் கனத்த ஒலிக்கும் இந்த மெல்லிய அறைதலுக்கும் இடையே ஆட்டக்காரரின் காலடி மூன்றாவது ஒலியாகச் சேரும். ஆட்டத்தின் அடிப்படை அடவு எளியது: முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, கைகளை முன்னே உயர்த்தி நின்றபடி, வலக்காலில் ஒரு குதி, இடக்காலைத் தரையில் ஊன்றிப் பின்னால் இழுத்து ஒரு தேய்ப்பு, மறுபடி வலக்காலில் ஒரு குதி. ஒரு கால் ஓய்ந்தால் மறு காலுக்கு மாற்றிக்கொள்வார்கள். களைத்தவர் சிறிது நின்று, தாளத்தை விடாமல் உடலை அசைத்துக்கொண்டிருந்துவிட்டு மீண்டும் சேர்ந்துகொள்வார். இப்படி இரவு நெடுநேரம் நடக்கும்.

பாட்டு பிறக்கும் விதம்

பாட்டு ஆட்டக்களத்தில் பிறக்கவில்லை. அது வேலையின் நடுவே பிறந்தது. தோணி குடையும்போதோ, வில் செதுக்கும்போதோ, துடுப்பு வலிக்கும்போதோ ஒருவர் மெல்ல முணுமுணுத்து, திருப்தி வரும்வரை திரும்பத் திரும்பப் பாடிப் பார்ப்பார் என்று ராட்கிளிஃப்-பிரவுன் விவரிக்கிறார். பாட்டு அமைந்துவிட்டது என்று தோன்றியதும் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருப்பார். அதற்கு முன்பே பல்லவியைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. களத்தில் அது எடுபட்டால் பலமுறை பாடப்படும். கட்டியவரின் பாட்டுகளில் ஒன்றாக நிலைக்கும். எடுபடாவிட்டால் அவர் அதைக் கைவிட்டுவிடுவார். புதுப்பாட்டின் தரத்தை முடிவுசெய்யும் தனி நடுவர் யாரும் இல்லை. பல்லவியை வாங்கிப் பாடும் குரல்களின் உற்சாகமும் ஆடுபவர்களின் எண்ணிக்கையும்தான் தீர்ப்பு.

பாட்டின் பொருள் பெரும்பாலும் அன்றாட வாழ்க்கை: காட்டுப்பன்றி வேட்டை, ஆமை பிடித்தது, தோணி செய்தது, கடலில் போனது. பாட்டுகள் மிகச் சிறியவை. ஓரிரு அடிகளில் முடிந்துவிடும். சந்தத்துக்காகச் சொற்களை நீட்டியும் குறுக்கியும் உருமாற்றியும் அமைத்தார்கள். அதனால் பாட்டு மொழி பேச்சு மொழியிலிருந்து வெகுதூரம் விலகியது. கட்டியவரே பொருளை விளக்கிச் சொல்ல வேண்டிய நிலையும் ஏற்பட்டதை மேன் குறிப்பிடுகிறார். தாளம் முதன்மை, சொல் அதற்கு அடங்கியது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

பாட்டுக் கட்டத் தெரியாதவர் மதிக்கப்படவில்லை. சிறுவர்கள் இளவயதிலேயே கட்டிப் பழகினார்கள். பெண்களும் கட்டினார்கள். ஒருவர் கட்டியதை மற்றவர் எடுத்துப் பாடுவது முறைகேடு. அதிலும் இறந்தவரின் பாட்டைப் பாடுவது பெருங்குற்றம் என்று போர்ட்மன் எழுதுகிறார். இறந்தவர் பெயரை ஒரு காலம்வரை உச்சரிக்காமல் இருப்பதும் இம்மக்களின் வழக்கம். பெயரைப் போலவே பாட்டும் ஆளோடு ஒட்டியது என்ற எண்ணம் இரண்டிலும் வெளிப்படுகிறது.

களத்தில் பாட்டை எடுக்கும் முறையும் ஒழுங்கானது. பலகையில் நிற்பவர் முதலில் தனியாகப் பாட்டையும் பல்லவியையும் பாடுவார். மற்றவர்களுக்குப் பிடிபடாவிட்டால் மறுபடி பாடுவார். பல்லவி கூட்டத்தின் வாயில் ஏறியதும் அவர் தட்டைத் தொடங்க, ஆட்டம் தொடங்கும். அதன் பிறகு எத்தனை முறை பல்லவி சுழலும், எப்போது பாட்டு முடியும் என்பது முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டதில்லை. களத்தின் வேகமும் பாடுபவரின் தெம்பும் அதைத் தீர்மானித்தன.

சுரங்களைப் பொறுத்தவரை இந்த இசையின் வீச்சு குறுகியது. அருகருகே அமைந்த மிகச் சில சுரங்களுக்குள் பாட்டு நடக்கும். ஐரோப்பியச் செவிக்கு இது வறுமையாகப் பட்டது. அன்றைய ஆய்வுலகமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ரிச்சர்ட் வாலாஷெக் 1893-இல் ஆதி இசையைப் பற்றி எழுதிய நூலில் அந்தமான் செய்திகள் மனித இசையின் தொடக்கநிலைக்குச் சான்றாக இடம்பெற்றன. இந்தப் பார்வை பிழையானது. குறைந்த சுரங்களைக் கொண்ட இசை என்பதால் அது மனித வரலாற்றின் ஆரம்பத்தில் உறைந்துபோன இசை ஆகிவிடாது. சுரம் குறுகிய இடத்தில் தாளமும் சொல்லின் உருமாற்றமும் கூட்டுக்குரலும் செறிவை ஏற்றுக்கொண்டன. ஒரே நாளில் கேட்டுக் கூட்டமாகப் பாட வேண்டிய பல்லவிக்குக் குறுகிய வீச்சு வசதியும்கூட. புதுப்பாட்டு மாலைதோறும் வர வேண்டுமென்றால் அது உடனே பிடிபட வேண்டும்.

எந்த வகைப் படைப்பு?

மாலை ஆட்டத்தை மனோதர்ம இசை என்று சொல்லலாமா? கண்டிப்பான பொருளில், பாட்டு முன்பே கட்டப்பட்டது. மேடையில் அந்தக் கணத்தில் பிறப்பது மட்டுமே மனோதர்மம் என்றால் இது அதில் சேராது. ஆனால் மனோதர்மம் எந்த மரபிலும் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. எது நிலையானது, எது திறந்தது என்பதில்தான் மரபுக்கு மரபு வேறுபாடு.

கர்நாடக இசையில் நிரவல் செய்பவர் எடுத்துக்கொள்ளும் அடி தியாகராஜருடையதாகவோ கோபாலகிருஷ்ண பாரதியாருடையதாகவோ இருக்கும். சொல்லும் தாளமும் ராகமும் கட்டுண்டவை. அந்த வரம்புக்குள் பாடகர் சுரத்தைப் புதிது புதிதாக விரிக்கிறார். கற்பனைசுரத்தில் எடுப்புக்கு வந்து சேர்வதுதான் சவால். ஒப்பாரியில் நிலைமை வேறு. இழவு வீட்டில் பாடும் பெண் மெட்டையும் வழக்கமான சொற்றொடர்களையும் பொதுவிலிருந்து எடுத்துக்கொண்டு, இறந்தவரின் உறவையும் வாழ்க்கையையும் தானே புகுத்திப் பாடுகிறார்; சுற்றி இருப்பவர்கள் குரல் சேர்க்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அந்தமான் ஆட்டத்தை விளங்கிக்கொள்ள ஒப்பாரி நல்ல வாயில். இரண்டிலும் தொழில்முறைப் புலமைக்கு வெளியே, சாதாரண மனிதர் தம் வாழ்க்கையிலிருந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறார். கூட்டம் அதைத் தாங்குகிறது.

பெரிய அந்தமானியரின் ஏற்பாட்டில் பொதுவாக இருந்தவை தாளம், அடவு, தனிக்குரலும் கூட்டுக்குரலும் மாறிவரும் வடிவம் ஆகியவை. தனியாருக்கு உரியவை சொல்லும் மெட்டும். பாட்டின் நீளமும் முடிவும் களத்தில் திறந்தே இருந்தன. அடித்தளம் முழுதும் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்ததால்தான் அதன் மேல் ஒவ்வொருவரும் புதிதாகக் கட்ட முடிந்தது.

ஜாஸ் இசையோடு இதை ஒப்பிடும்போது முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. ஜாஸ், அடிமைத்தளையிலிருந்து மீண்ட அமெரிக்கக் கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில் உருவாக்கியது. அதன் கருவிகளும் வேறு, துயரமும் வேறு. ஒப்பீடு விளக்குவது இசையின் உள்ளமைப்பை மட்டுமே.

ஜாஸ் குழுவில் தாளப்பிரிவு நிலையாக ஓட, ஒருவர் பின் ஒருவராக முன்வந்து தனி வாசிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித் தொனி வேண்டும். இன்னொருவரைப் போலவே வாசிப்பது புகழாகாது. ஆனால் 1950-கள்வரை பெரும்பாலான தனிவாசிப்புகளுக்கு அடிப்படையாக இருந்தவை எல்லோருக்கும் தெரிந்த பொதுப்பாட்டுகள். 1960 டிசம்பரில் ஆர்னெட் கோல்மன் இரண்டு நால்வர் குழுக்களைச் சேர்த்து, முன்தீர்மானித்த சுரக்கூட்டு வரிசை இல்லாமல் ஏறக்குறைய 37 நிமிடம் இடைவிடாமல் வாசித்து ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டைப் பதிவுசெய்தார். 1965-இல் சிகாகோவில் மூஹால் ரிச்சர்ட் ஏப்ராம்ஸும் தோழர்களும் படைப்பிசைக் கலைஞர்களின் முன்னேற்றத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் சங்கத்தின் கச்சேரிகளில் தாங்களே உருவாக்கிய இசையைத்தான் வழங்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கொள்கைகளில் ஒன்று. சந்தை விரும்பும் பழைய பாட்டுகளை வாசித்துப் பிழைக்கும் நிலையிலிருந்து விடுபடவே அவர்கள் அந்த விதியை வகுத்தார்கள். அந்தமானில் அதே விதி சந்தைக்கு எதிராக எழுந்ததில்லை. வாங்குவோரும் விற்போரும் இல்லாத இடத்தில் அது இயல்பாகவே நின்றது. ஆனால் விளைவு ஒன்றுதான்: ஒவ்வொருவரும் சொல்வதற்குத் தம்முடையதாக ஏதாவது வைத்திருக்க வேண்டியிருந்தது.

தாளத்தைப் பற்றிய பிற்கால ஆய்வொன்றும் ஒலிப்பலகையை விளங்கிக்கொள்ள உதவுகிறது. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர் 1998-இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வு, மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசைகளில் தாளம் உடலின் அசைவோடு பிணைந்தது என்று வாதிடுகிறது. நடையும் மூச்சும் கைகால் வீச்சும் தாள உணர்வின் அடிப்படை என்பது அதன் சாரம். காலே கருவியாகவும் தொடையே முழவாகவும் அமைந்த அந்தமான் ஆட்டத்தில் இந்தப் பிணைப்பு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அங்கே தாளத்தை எண்ணிக் கற்றவர் இல்லை, ஆடிக் கற்றார்கள்.

ஆட்டமும் சமூகமும்

ராட்கிளிஃப்-பிரவுன் இந்த ஆட்டத்துக்குத் தந்த விளக்கம் மானுடவியலில் பெரிதாகப் பேசப்பட்டது. தாளம் தனிமனிதரைத் தன் கட்டுக்குள் கொண்டுவருகிறது. அவர் அதற்கு இணங்கி ஆடும்போது தம் ஆற்றல் பெருகியதாக உணர்கிறார். குழு முழுவதும் ஒன்றாக உணர்கிறது. இப்படி ஆட்டம் சமூக ஒற்றுமையைப் புதுப்பிக்கிறது என்றார். இரு குழுக்களின் பகை தீர்ந்தபோதும், துக்கம் முடிந்தபோதும் ஆட்டம் நடந்ததை அவர் சான்றாகக் காட்டினார். 1928-இல் ஈ.ஈ. எவன்ஸ்-பிரிச்சர்ட் ஆப்பிரிக்காவின் அசாந்தே மக்களின் ஆட்டத்தை விவரித்து இந்தக் கருத்தை மறுத்தார். ஆட்டக்களத்தில் ஒற்றுமையோடு போட்டியும் சண்டையும் இருக்கின்றன. முன்னிலைக்காகப் பாடகர்கள் மோதிக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

அந்தமான் விஷயத்தில் இரண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. எல்லோரும் ஒரே தாளத்துக்கு இணங்குகிறார்கள் என்பது உண்மை. அந்தத் தாளத்தின் மேல் ஒலிப்பது ஒருவருடைய பெயரோடு ஒட்டிய பாட்டு என்பதும் உண்மை. நல்ல பாட்டுக் கட்டுபவருக்குப் பேர் கிடைத்தது. ராட்கிளிஃப்-பிரவுனின் விளக்கத்தில் தனிமனிதர் கூட்டத்தில் கரைகிறார். அவரே பதிவுசெய்த செய்திகளிலோ ஒவ்வொருவரும் முறை வைத்துப் பலகையில் ஏறி, கூட்டத்தின் நடுவே தனித்துத் தெரிகிறார்கள். கூட்டம் தன் குரலைக் கொடுத்து அந்தத் தனித்துவத்தை ஏற்றிவைக்கிறது.

நிக்கோபார் தீவுகளில் வழக்கம் வேறு. நிக்கோபாரியர் மொழியாலும் வாழ்முறையாலும் அந்தமானியரோடு தொடர்பில்லாதவர்கள். ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு வட்டமாக நின்று, பாடியபடி நிதானமாக அடியெடுத்து வைப்பது அவர்கள் ஆட்டம். இறந்தவர்களுக்காக நடத்தும் பெருவிழாவுக்கென்று புதுப்பாட்டுகளைக் கட்டி, முன்கூட்டியே கூடிப் பயின்று பாடுவார்கள். கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சனின் காலத்தில் கிறிஸ்தவம் பரவிய பிறகு, கூட்டாகப் பாடும் பழக்கம் தேவாலயப் பாடகர் குழுக்களில் தொடர்ந்தது. குழுவே பாட்டைப் பயின்று வைத்திருக்கும் மரபு, சமயம் மாறினாலும் வேறு உருவில் வாழ முடிந்தது. பெரிய அந்தமானியரின் மரபுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

நின்றுபோன ஆட்டம்

காரணம் முதலில் மக்கள்தொகை. குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளில் மோதல்கள். பிறகு ‘அந்தமான் இல்லங்கள்’ என்ற பெயரில் மக்களைக் கூட்டி வைத்த இடங்களில் பரவிய நோய்கள். சிபிலிஸ் நோயும் 1877-இல் வந்த தட்டம்மையும் பெரும் எண்ணிக்கையில் உயிர்களைக் கொண்டுபோயின. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். எஞ்சியவர்களை அரசு சுமார் 1970 வாக்கில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. அங்கே பெரும்பாலும் வடக்குக் குழுக்களின் வழித்தோன்றல்களே கலந்து வாழ்ந்தார்கள். அந்தமான் இந்தி பொதுமொழியாயிற்று.

இந்த எண்ணிக்கைச் சரிவு இந்த மரபை மற்ற மரபுகளைவிடக் கடுமையாகத் தாக்கியதற்கு அதன் அமைப்பே காரணம். பொதுப்பாட்டுகளைச் சேர்த்துவைக்கும் சமூகத்தில், கடைசியாக மிஞ்சிய சிலரிடமும் முன்னோரின் பாட்டுகள் இருக்கும். இங்கே பாட்டு கட்டியவரோடு வாழ்ந்தது. அவர் இறந்த பின் அதை எடுத்துப் பாடுவது தவறு. ஒவ்வொரு தலைமுறையும் தன் பாட்டுகளைத் தானே உண்டாக்கியது. அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்றது பாட்டுக் கட்டும் திறமையையும் அதைத் தாங்கும் களத்தையும் மட்டுமே. களத்துக்கு ஆள் வேண்டும்: பல்லவி வாங்கப் பெண்கள், அடவு போட ஆண்கள், பலகைக்கு அடுத்து வர இன்னொருவர், உருமாறிய சொல்லைப் புரிந்துகொள்ள ஒரு மொழிச் சமூகம். இவை குறைந்தபோது புதுப்பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. பழைய பாட்டு என்று சேமிப்பும் இல்லை. மக்கள் பெருகியிருந்த காலத்தில் இந்த மரபின் வளமாக இருந்த விதியே, மக்கள் அருகிய காலத்தில் அதற்குப் பாதுகாப்பில்லாமல் செய்துவிட்டது.

2005 முதல் மொழியியலாளர் அன்விதா அப்பி, மறைந்துகொண்டிருந்த பெரிய அந்தமானிய மொழியை எஞ்சியிருந்தவர்களிடமிருந்து பதிவுசெய்தார். அவருக்கு உதவியவர்களில் முக்கியமானவர்கள் கதைகளை நினைவுகூர்ந்த நவோ ஜூனியரும், போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியரும். போவா சீனியர் 2004 சுனாமியிலிருந்து உயிர்தப்பியவர். தம் மொழியில் தம்மோடு பேச ஒருவரும் இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 2010 ஜனவரி 26 அன்று, ஏறக்குறைய 85 வயதில் மறைந்தார். அவர் பாடிய பாட்டுகள் ஒலிப்பதிவில் உள்ளன. பத்துக் கதைகளும் 46 பாட்டுகளும் அடங்கிய அப்பியின் தொகுப்பு 2021-இல் நூலாக வந்தது. அழியவிருந்த குரலை உலகத்துக்குக் கொண்டுவந்த பெரும்பணி அது. ஆனால் ஒலிப்பதிவு கருவியின் முன் ஒருவர் தனியாகப் பாடியது மாலை ஆட்டத்தின் ஒரு பகுதிதான். பலகையின் முழக்கமும் பல்லவி வாங்கும் பெண்களும் ஆடும் கால்களும் அதில் இல்லை.

எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2012 தொடக்கத்தில், அந்தமான் பெருவழிச்சாலையில் ஜராவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் காணொளி வெளியாகி நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அவர்களின் பகுதிக்குள் வெளியார் நுழைவதைத் தடைசெய்திருந்தும் அது நடந்தது. தம் களத்தில், தம் மக்களோடு, தம் விருப்பத்தில் ஆடுவதே இந்தத் தீவுகளின் ஆட்டம். வழிப்போக்கரின் ஏவலுக்கு ஆட வைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

படைப்பிசையின் வரலாற்றில் இந்த மரபுக்கு உரிய இடம் இதுவரை தரப்படவில்லை. அந்த வரலாறு பெரும்பாலும் பெருங்கலைஞர்களின் பெயர்களாலும் தட்டுகளாலும் எழுதப்படுகிறது. பெரிய அந்தமானியர் ஒலித்தட்டு எதையும் விட்டுச்செல்லவில்லை. பாடலாசிரியர்களின் பெயர்களும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அவர்களின் சான்று நிலைநாட்டுவது ஒரு கருத்தை: புதிதாக இசை படைப்பது சில மேதைகளுக்கு மட்டும் உரிய திறமை அல்ல. பொதுவான தாளமும், கேட்டுத் திருப்பிப் பாடும் கூட்டமும், ஒவ்வொருவருக்கும் முறை தரும் களமும் அமைந்தால் சாதாரண மனிதர் எல்லோராலும் அது முடியும். ஒரு முழுச் சமூகம் அப்படி வாழ்ந்து காட்டியது. இசைக்கல்வியையும் கூட்டிசையையும் பற்றிச் சிந்திப்பவர்கள் அந்தமானிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.